நீரும் கையும்: சிறுநகர்த் தின்பண்டக் கடைகளின் தொடக்க நாட்கள்

ஊர்ப்பெயரை அடையாகக் கொண்டு வழங்கும் தின்பண்டப் பெயர்கள் தமிழில் பல உள. திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டிக் கடலை மிட்டாய், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்பன அவற்றுள் யாவரும் அறிந்தவை. இப்பெயர்களைக் கேட்குங்கால் ஊரும் பண்டமும் தொன்றுதொட்டே இணைந்திருந்தன போலத் தோன்றும். ஆயின், இவை ஒவ்வொன்றற்கும் ஒரு தொடக்க நாள் உண்டு. எவரோ ஒருவர் ஏதோ ஒரு தெருவில் முதன்முதலாக அடுப்பு மூட்டிக் கடை விரித்தார். அன்று அப்பண்டத்திற்கு ஊர்ப்பெயர் அடையாக அமையவில்லை. அவ்வூரும் அப்பண்டத்தால் அறியப்படவில்லை. நாளை வாங்குவார் வருவரோ வாராரோ என்னும் ஐயமே அக்கடையின் முதற் சரக்காக இருந்திருத்தல் வேண்டும்.

அந்நிலையிலிருந்து கடை எவ்வாறு நிலைபெற்றது? இவ்வினாவிற்கு ஊரார் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே. அது நீர் என்பது. தாமிரபரணி நீரால் அல்வா சுவைக்கின்றது என்பர். மணப்பாறையின் உவர்நீரால் முறுக்கு மொறுமொறுப்புப் பெறுகின்றது என்பர். நீர் பொருந்தாத கோவில்பட்டிக்குக் கரிசல் மண்ணைக் காரணமாகக் கூறுவர். இவ்விடை ஆராயப்படாமலே நூலிலும் நாவிலும் வழங்கி வருகின்றது. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய கடைகளைத் தொடக்க நாட்களில் தாங்கி நின்றவை கைத்திறனும், வழிச்செல்வோர் கூடும் இடமும், பயணம் தாங்கும் பண்டமுமே என்பதும், நீரைப் பற்றிய பேச்சு பின்னர்த் தோன்றியது என்பதும் எம் கருத்து.

இலக்கியத்தில் கூவியர்

தின்பண்டம் சமைத்து விற்போரைப் பழந்தமிழ் நூல்கள் கூவியர் எனக் குறிக்கின்றன. உரையாசிரியர் இச்சொற்கு அப்ப வாணிகர் எனப் பொருள் கூறுவர். பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் கரிய அகலில் பாகொடு சேர்த்துப் பண்டம் ஆக்குகின்றனர். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மருவூர்ப்பாக்கத்து வாணிகருள் பிட்டு விற்கும் காழியரோடு கூவியரையும் எண்ணுகின்றது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியோ மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைத்துப் பின் நள்ளிரவைக் காட்டுமிடத்து, அடையும் மோதகமும் விற்ற கூவியர் தம் பண்டத்தோடு இருந்தபடியே உறங்குவதைக் காட்டுகின்றது. விற்று முடியாத பண்டத்தை விட்டு வீட்டிற்குச் செல்ல இயலாத ஒரு சிறு வாணிகனின் வாழ்க்கை அவ்வொரு காட்சியில் அடங்கியுள்ளது.

இப்பகுதிகளால் இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, இங்கே கூவியர் தொழிலால் அறியப்படுகின்றனரேயன்றி ஊர்ப்பெயர் கொண்ட ஒரு பண்டத்தால் அறியப்படவில்லை. மற்றொன்று, புலவர் கண்ணிற்குப் பட்டவை அகலும் பாகும் கையுமே ஆகும். பண்டத்தின் சுவைக்கு நீரைக் காரணமாக்கும் வழக்கு ஈண்டு இல்லை. மதுரைக்காஞ்சியின் அல்லங்காடிக்கும் இக்காலத்து மாலைக் கடைகளுக்கும் இடையே அறாத் தொடர்ச்சி உண்டென யாம் கூறவில்லை. அதற்குச் சான்று இல்லை. இடைக்காலக் கல்வெட்டுகளில் அப்பம், அதிரசம் முதலியன கோயிலுக்குரிய திருப்பணியாரங்களாகப் பேசப்படுகின்றன. ஆகவே கோயில் மடைப்பள்ளியும் இல்லத்து அடுக்களையும் நெடுங்காலம் இனிப்புக்கு உரிய இடங்களாக இருந்தன எனலாம். ஒரே பண்டத்தால் பெயர் பெற்ற சிறுநகர்க் கடை பிற்காலத்தது.

பெயர் கூறும் வரலாறு

அப்பிற்காலத்தை அறிய ஏட்டுச் சான்று மிகுதியாகக் கிடைத்தற்கில்லை. சிறு வாணிகர் தம் தொடக்கத்தை எழுதி வைத்தல் அரிது. எனினும் பண்டங்களின் பெயர்களே ஒருவகைச் சான்றாக நிற்கின்றன. அல்வா என்பது அரபு மொழியிலிருந்து பாரசீகம், இந்துத்தானி வழியாக வந்த சொல். மிட்டாய் என்பதும், பால்கோவா என்பதன் இரண்டாம் உறுப்பாகிய கோவா என்பதும் வடநாட்டு மொழிவழி வந்தவை. இனிப்புக் கடையைத் தென்மாவட்டங்களில் லாலா கடை என்பர். லாலா என்பது வடநாட்டில் வணிகரையும் பெரியோரையும் குறிக்கும் மதிப்புச் சொல். இங்கே அது கடைக்கு அடையாயிற்று.

இப்பெயர்களை இல்லத்து வழக்கோடு ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பாலை வற்றக் காய்ச்சி இனிப்புச் சேர்த்துத் திரட்டிய பண்டம் தமிழ் இல்லங்களில் திரட்டுப்பால் எனப் பெயர் பெறும். அதற்கு நெருங்கிய பண்டம் கடையில் பால்கோவா ஆயிற்று. கடலையைப் பாகில் இட்டுக் கையால் உருட்டினால் அது கடலையுருண்டை. பலகையில் பரப்பி வெட்டி விற்றால் கடலை மிட்டாய். இவ்வாறு இல்லத்துப் பெயர் தமிழாகவும் கடைப்பெயர் வேற்றுச்சொல்லாகவும் நிற்கின்றன. கோதுமைப் பாலைப் பெரிய வாணலியில் நெடுநேரம் கிண்டி நெய் கக்க இறக்கும் அல்வாவிற்கோ இல்லத்துப் பெயரே இல்லை; பண்டமும் பெயரும் ஒருங்கே வந்தன. முறுக்கு மட்டும் தமிழ்ப் பெயரோடு கடைக்கு வந்தது; அது இல்லத்திலிருந்து நேரே வந்தமையே அதற்குக் காரணம் ஆகலாம். எனவே, சொல் வந்த வழியே கைத்திறனும் வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். நீர் அவ்வூரிலேயே இருந்தது, வந்தது கையே.

கடலை என்னும் சொல்லும் ஈண்டுக் கருதத்தக்கது. நிலக்கடலை தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர். ஐரோப்பியர் கடல்வழி வந்த பின்னரே அது நம் நாட்டிற்கு வந்தது. வடமாவட்டங்களில் அது மணிலாக்கொட்டை, மல்லாட்டை என மணிலா நகரின் பெயரால் வழங்கும். ஆகவே, மண்ணுக்கு உரியது என நாம் கருதும் கடலை மிட்டாயின் கடலையும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்ததே.

கோயில் வாயிலும் இருப்புப்பாதையும்

இனிக் கடை தோன்றிய இடங்களை நோக்குவோம். ஒரே பண்டத்தை விற்கும் கடையை ஒரு சிறுநகரின் மக்கள் மட்டும் தாங்குதல் அரிது. உள்ளூரார் திருநாளிலும் திருமணத்திலும் இனிப்பு வாங்குவர், நாள்தோறும் வாங்கார். ஆகவே நாள்தோறும் புதுமுகம் வரும் இடமே அக்கடைக்கு உயிர். தமிழகத்துச் சிறுநகரங்களில் அத்தகைய இடங்கள் மூன்று: கோயில் வாயில், சந்தைத் தெரு, இருப்புப்பாதை நிலையம்.

திருநெல்வேலியின் புகழ்பெற்ற இருட்டுக்கடை நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் உள்ளது. அது 1900-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டது என்றும், இராசபுத்திரக் குடியினர் ஒருவர் அதனைத் தொடங்கினர் என்றும், அவர் வழிவந்த பிஜிலி சிங் காலத்தில் அது பெரும் பெயர் பெற்றது என்றும் கூறுவர். சொக்கம்பட்டிச் சமீன்தார் காசிக்குச் சென்றபொழுது அல்வாவை உண்டு மகிழ்ந்து, அதனைச் செய்வோரைத் தம்முடன் அழைத்து வந்தார் என ஒரு செவிவழிச் செய்தியும் உண்டு. இச்செய்தியின் ஒவ்வொரு கூறும் உண்மையா என்பது வேறு. அது எதனைச் சொல்கின்றது என்பதே நோக்கத்தக்கது. சமீன்தார் காசியிலிருந்து நீரைக் கொண்டு வரவில்லை. கோதுமையைக் கொண்டு வந்ததாகவும் கதை கூறவில்லை. சமைப்போரை அழைத்து வந்தார் என்றே கூறுகின்றது. ஊர்க்கதை தன்னையறியாமல் கைக்கே சான்று பகர்கின்றது.

திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் இடையே 1875-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைந்தது. 1876-ஆம் ஆண்டில் அது தூத்துக்குடி வரை நீண்டது. மணப்பாறையும் கோவில்பட்டியும் இப்பாதையில் உள்ள ஊர்கள். நீராவி வண்டிகள் நீர் கொள்வதற்காக மணப்பாறையில் நிற்பது வழக்கம். அவ்விடைநேரத்தில் பயணிகளிடம் முறுக்கு விற்கப்பட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிருஷ்ண ஐயர் என்பார் இத்தொழிலைத் தொடங்கினார் எனவும், அவரிடம் பயின்ற மணி ஐயர் அதனை வளர்த்தார் எனவும் மணப்பாறையில் வழங்கும் வரலாறு கூறுகின்றது. இங்கும் தொடங்கியவர் வெளியூரினரே. மணப்பாறை நீர் முறுக்கிற்கு உதவியதோ இல்லையோ, வண்டிக்கு உதவியது. அவ்வண்டி நின்றதால் முறுக்கு விற்றது. நீரின் பங்கை இங்ஙனம் கூறுதலே வரலாற்றிற்குப் பொருந்துவதாம்.

கோவில்பட்டியில் 1940-களில் மளிகைக் கடை நடத்திய பொன்னம்பல நாடார், கருப்பட்டியில் செய்யப்பட்டு வந்த கடலைப் பண்டத்தை வெல்லப்பாகில் செய்து விற்கத் தொடங்கினார் என்பர். திருவில்லிபுத்தூரிலும் பால்கோவாவைக் கடைப்பண்டமாக்கியவர் வடநாட்டுக் குடிவழியினர் என்பதே வழங்கும் செய்தி. ஆண்டாள் கோயிலுக்கு வருவோர் ஒருபுறமும், மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்துப் பால்வளம் மற்றொருபுறமுமாக அக்கடைகளுக்குத் துணை நின்றன.

ஒரு பண்டம், ஒரு பொழுது

தொடக்க நாட்களில் கடைக்காரர்க்கு முதல் குறைவு; சரக்கு கெடும் என்னும் அச்சம் மிகுதி. ஆதலின் எப்பண்டத்தைத் தெரிந்தெடுப்பது என்பதே அவர்தம் முதன்மைச் சிக்கல். மேற்கூறிய நான்கு பண்டங்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் அவற்றிடை ஒரு பொதுத்தன்மை காணலாம். நான்கும் வாங்குவார் கையில் அடுத்த ஊர்க்குச் செல்லத்தக்கவை. அல்வாவைச் சருக்கரையும் நெய்யும் காக்கின்றன. முறுக்கில் ஈரம் இல்லை. கடலை மிட்டாய் கெட்டிப்பாகில் பிணைந்திருப்பதால் காற்றுப் புகாமல் வைத்தால் பல நாள் நிற்கும். ஈரக்காற்றுப் பட்டால் கசியும். நான்கனுள் விரைவில் கெடுவது பால்கோவாவே. அதுவும் பாலினும் பன்மடங்கு நாள் தாங்கும். அவ்வூரிலேயே உண்டு தீரும் பண்டம் எத்துணைச் சுவையுடையதாயினும் ஊர்ப்பெயரைச் சுமந்து செல்லாது. இட்லிக்கும் இடியாப்பத்திற்கும் பெயர் பெற்ற ஊர்கள் இருக்கலாம்; அப்பெயர் அருகிலுள்ளாரிடையே நிற்கும். தொலைவிற்குச் சென்ற பண்டமே தான் வந்த ஊரைச் சொல்ல வேண்டியதாயிற்று. 'எங்கே வாங்கியது?' என வேற்றூரார் கேட்ட வினாவிற்கு விடையாகவே ஊரடை தோன்றியது என்க.

இருட்டுக்கடை மாலையில் சில மணி நேரமே விற்பனை செய்யும் வழக்கமுடையது. மங்கிய விளக்கில் விற்றமையால் அப்பெயர் வந்தது என்பர். ஒரு பண்டத்தை ஒரு பொழுதில் விற்று முடித்தல் இன்று ஒரு கவர்ச்சியாகக் கருதப்படுகின்றது. தொடக்கத்தில் அது தேவையாக இருந்திருத்தல் கூடும். சம்பாக் கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, இரவு முழுதும் தெளியவைத்து, மேல்நீரை வடித்துப் பின் சருக்கரையும் நெய்யும் சேர்த்துக் கைவிடாமல் கிண்டி இறக்குவதற்குள் பகல் கழிந்துவிடும். விற்பனைக்கு எஞ்சுவது மாலையே. குறைந்த கைகளைக் கொண்ட கடைக்கு வேறு வழியில்லை. சிறப்பு எனப் பின்னர்ப் போற்றப்படுவது, முதலில் இயலாமையாக இருந்தது போலும்.

கடலை மிட்டாயிலும் இவ்வாறே. கடலையை வறுத்து, தோல் நீக்கி, உடைத்துப் புடைக்க வேண்டும். பாகு காயும்போது சிறிது எடுத்து நீரில் இட்டுப் பதம் பார்ப்பர். இளகினால் ஆகாது, முறிந்தால் பதம். சிறிது தாழ்த்தால் பாகு கசக்கும். சிறிது முந்தினால் பல்லில் ஒட்டும். பதம் வந்தவுடன் கடலையைக் கொட்டிக் கிளறி, ஆறுமுன் பலகையில் பரப்பி, உருளை ஓட்டி, வெட்ட வேண்டும். ஒருவர் தாழ்த்தால் ஓர் அடுப்புச் சரக்கும் வீண். இவ்வேலையில் வெல்லத்தைக் கரைக்க ஊற்றிய நீர் பாகு காய்கையில் பெரும்பாலும் ஆவியாகிவிடுகின்றது. எஞ்சுவது பதம் அறிந்த கண்ணின் திறமே.

நீர்க்கதை தோன்றிய காலம்

அங்ஙனமாயின், நீர் பற்றிய கதை எப்பொழுது தோன்றியது? இதற்கு ஆண்டு குறித்தல் இயலாது. ஆயின் எந்நிலையில் தோன்றியிருக்கும் என உய்த்துணரலாம். ஓர் ஊரில் ஒரே கடை இருக்குங்கால் நீரைக் காரணமாகக் கூறுவதால் கடைக்காரர்க்கு நன்மை இல்லை. அந்நீர் எல்லார்க்கும் பொது. நாளையே எதிர்வீட்டாரும் கடை வைக்கலாம். அவர் தம் கைத்திறனையே எடுத்துரைப்பர். ஊரில் பல கடைகள் பெருகி, வேற்றூராரும் அப்பண்டத்தைச் செய்து அவ்வூர்ப் பெயரால் விற்கத் தொடங்கிய பின்னரே, 'இவ்வூர் நீர் உங்களுக்கு ஏது?' என்னும் மறுமொழி தேவைப்படுகின்றது. கைத்திறன் ஊர்விட்டு ஊர் போகக்கூடியது, ஆறு போகாது. ஆகவே நீர்க்கதை முதற் கடையின் கதை அன்று. பல கடைகளின் பொதுக் காவலே அது.

நீர்க்குச் சுவையில் பங்கே இல்லை என யாம் வாதிடவில்லை. உவர்நீரில் பிசைந்த மாவின் தன்மை நன்னீரில் பிசைந்ததினும் வேறுபடலாம். ஆயின் நீர் ஒன்றே காரணமாயின், அவ்வூரில் எல்லாக் கடைப் பண்டமும் ஒரே சுவையாதல் வேண்டும். அங்ஙனம் இல்லை என்பதை அவ்வூரார் தாமே நன்கு அறிவர். இன்ன கடையில் வாங்குக என வழிகாட்டுவோரும் அவரே.

இக்கதையால் விளைந்த இழப்பு ஒன்று உண்டு. சுவையின் பெருமை ஆற்றிற்கும் மண்ணுக்கும் போயிற்று. அடுப்படியில் நின்றோர்க்குப் போகவில்லை. நிறுவியோர் சிலர் பெயராவது செவிவழி எஞ்சியுள்ளது. வாணலியைக் கிண்டியோர், கடலை புடைத்தோர், வீடுகள்தோறும் முறுக்குச் சுற்றிய பெண்கள் ஆகியோர் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை.

சட்டமும் சான்றும்

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டும் அன்று. பொருள்களின் புவிசார் குறியீடு பற்றிய சட்டம் இந்தியாவில் 1999-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2003-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய பதிவகம் சென்னையில் உள்ளது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019-இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இலும், மணப்பாறை முறுக்கு 2023-இலும் இக்குறியீடு பெற்றன. பொருளின் தரமோ, பெற்ற பெயரோ, வேறு இயல்போ அது தோன்றிய நிலப்பகுதியை அடிப்படையாகக் கொண்டிருத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. ஆகவே ஒரு கடை எப்பொழுது, எங்கே, எவ்வாறு தொடங்கிற்று என்னும் வரலாறு இன்று வழக்குமன்றத்திலும் பதிவகத்திலும் பயன்படும் சான்றாகிவிட்டது.

இக்குறியீடு ஒரு குடும்பத்தின் உடைமை அன்று. அவ்வட்டாரத்தில் முறைப்படி பதிவு செய்துகொள்ளும் செய்வோர் பலர்க்கும் உரியது. அந்த அளவில் அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் நிலத்தைச் சான்றாக்கும் முயற்சியில் நீர்க்கதையே மேன்மேலும் எழுதப்படுமாயின், அது காலப்போக்கில் வரலாறாகவே உறைந்துவிடும். பெற்ற பெயரையும் சட்டம் ஏற்கின்றது என்பதை மறத்தல் ஆகாது. அப்பெயர் ஆற்றால் வந்தது அன்று. ஆண்டாண்டாக ஒரே பதத்தில் இறக்கிய கைகளால் வந்தது.

செய்யத்தக்கது

இத்துறையில் தமிழாய்வாளர்க்குப் பணி மிகுதியாக உள்ளது. கல்வெட்டிலும் ஏட்டிலும் மட்டுமே சான்று தேடும் பழக்கத்தைச் சற்று நெகிழ்த்துக் கடைகளின் கணக்கேடுகளையும், பழைய உரிமச் சீட்டுகளையும், பொட்டலத் தாள்களையும், விலைப்பலகைகளையும் தொகுத்தல் வேண்டும். பதத்தைக் குறிக்கும் தொழிற்சொற்களை அடுப்படியிலேயே இருந்து கேட்டு எழுதுதல் வேண்டும். அவற்றுள் பல அகராதி ஏறாதவை. கடைமுதலாளியிடம் ஒரு வரலாறு கேட்பார், வேலை செய்து ஓய்ந்தோரிடமும் ஒரு வரலாறு கேட்டல் வேண்டும். இவ்விரண்டும் ஒவ்வாதவிடத்தே உண்மை வெளிப்படுதல் கூடும். எந்திரங்கள் வாணலியையும் உருளையையும் கைக்கொண்டு வரும் இந்நாளில், பதம் அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்க்குப் பின் கேட்பதற்கு எவரும் இரார்.

மதுரைக்காஞ்சிப் புலவர் ஓர் இரவில் உறங்கிய கூவியரைக் கண்டு பாட்டில் வைத்தமையால், அவர் பெயர் அறியோமாயினும் அவர் அயர்வை அறிகின்றோம். கோவில்பட்டியிலும் மணப்பாறையிலும் முதல் அடுப்பருகே நின்றோரை அவ்வாறு கண்டு எழுதியவர் இலர். எஞ்சிய சான்றுகளைத் தொகுத்து அக்குறையை ஓரளவேனும் நிரப்புதல் இக்காலத்து ஆய்வாளர் கடமை என யாம் கருதுகின்றோம்.